ஏக்கர் கணக்கும் மணிக் கணக்கும்: வயலுக்கு வந்த இயந்திரமும் ஊரைப் பிரிந்த நாமும்

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் தோல்பை தைக்கும் கூடம் நடத்திவரும் வாடிக்கையாளர் ஒருவர், சென்ற ஆண்டு எங்கள் கிளைக்கு வந்திருந்தார். பதினைந்து ஆண்டுகளாக நம் வங்கியில் கணக்கு வைத்திருப்பவர். தையல் இயந்திரங்கள் வாங்க இருமுறை கடன் பெற்று, இருமுறையும் தவணை தவறாமல் அடைத்தவர். இம்முறை அவர் கேட்டது தம் கூடத்துக்கான கடன் அன்று. திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில், அவர் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நன்செய் இருக்கிறது. தகப்பனார் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய நிலம். அதைத் தம்பி பார்த்துவருகிறார். ஊரில் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. தம்பிக்கு ஒரு டிராக்டர் வாங்கிக் கொடுத்துவிட்டால் நிலமும் தரிசாகாது, தம்பியும் ஊரிலேயே நிலைத்துவிடுவார் என்பது அவர் எண்ணம்.

உடன் வந்திருந்த அவருடைய தாயார் அதுவரை பேசாமல் இருந்தார். மகன் சொல்லி முடித்ததும் எங்களைப் பார்த்து, "ஆள் கெடைக்கலன்னு சொல்லுதான். அறுப்பு மிசினு வந்த பொறவு எனக்கு யாரு சார் கொத்து அளந்தா?" என்று கேட்டார்.

கொத்து என்பது அறுப்புக் கூலி. களத்துமேட்டிலேயே நெல்லாக அளந்து தரப்படுவது. அந்த அம்மையார் சொந்த நிலத்தில் மட்டுமன்றி, ஊராரின் வயல்களிலும் நட்டு, களை பறித்து, அறுத்து வாழ்ந்தவர். இன்று மகனுடன் தாராவியில் இருக்கிறார்.

ஆள் இல்லாததால் இயந்திரம் தேவைப்படுகிறது என்றார் மகன். இயந்திரம் வந்ததால் வேலை போயிற்று என்றார் தாய். இரண்டில் எது உண்மை? தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் நம் தமிழ் வாடிக்கையாளர்களில் பலருக்கு ஊரில் சிறிது நிலமோ, நிலத்தை நம்பி வாழும் உறவினரோ உண்டு. ஆகையால் இக்கேள்வியைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவர்களுக்குப் பயன்படும் எனக் கருதுகிறோம். (வாடிக்கையாளரின் இசைவுடனேயே இங்கு எழுதுகிறோம், அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளோம்.)

இயந்திரத்துக்கு முன்பே புறப்பட்டவர்கள்

முதலில் கால வரிசையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குத் தமிழர் வரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அப்போது தமிழ்நாட்டின் வயல்களில் டிராக்டர் என்ற பெயரே கேட்டதில்லை. வறட்சியும், நிலமின்மையும், சாதியின் பெயரால் நடந்த ஒடுக்குமுறையுமே மக்களை வெளியேற்றின. வந்தவர்களில் பலர் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். தமக்கென ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்கள். அவர்களை ஊரைவிட்டு அனுப்பியது இயந்திரம் அன்று.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் நெடுங்காலம் மாடும் மனிதனும்தான் வேளாண்மையின் ஆற்றல். 1951-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் இருந்த டிராக்டர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. 1959-இல் ஃபரிதாபாத்தில் உள்நாட்டு உற்பத்தி தொடங்கியது. 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் உருவாயிற்று. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டதும், அதன் பின் வேளாண்மைக்குக் கடன் தருவது வங்கிகளின் கடமைகளுள் முதன்மையானதாக வகுக்கப்பட்டதும், 1982-இல் நபார்டு தோன்றியதும் இந்த வளர்ச்சிக்கு உரமிட்டன. 2022-23 நிதியாண்டில் மட்டும் நாட்டில் விற்பனையான டிராக்டர்கள் 9 லட்சத்துக்கு மேல். வயலுக்கு இயந்திரம் வந்த வழியில் வங்கிகளாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. அதன் நன்மை தீமை இரண்டையும் எடுத்துச் சொல்லும் பொறுப்பும் ஆகவே எங்களுக்கு உண்டு.

மூன்று இயந்திரங்கள், மூன்று விளைவுகள்

"இயந்திரமயம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் நம் வயல்களுக்கு வந்தவை ஒரே தன்மையுடையவை அல்ல. தமிழ்நாட்டின் நெல் வயலை மாற்றியவை முக்கியமாக மூன்று: பம்ப்செட், டிராக்டர், அறுவடை இயந்திரம். வேலைவாய்ப்பில் இவை மூன்றும் மூன்று வகையாகச் செயல்பட்டன.

பம்ப்செட் கமலையின் இடத்தைப் பிடித்தது. கமலை இறைத்தவருக்கு அந்த வேலை போயிற்று. ஆனால் ஒரு போகம் விளைந்த இடத்தில் இரண்டு போகம் விளைந்தது. மானாவாரியாகக் கிடந்த நிலத்தில் வாழையும் கரும்பும் காய்கறியும் வந்தன. நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் முன்னைவிட அதிக ஆட்கள் தேவைப்பட்டனர். பம்ப்செட் எடுத்துக்கொண்ட வேலையைக் காட்டிலும் கொடுத்த வேலை மிகுதி. பின்னாளில் நிலத்தடி நீர்மட்டம் கீழே போனது இதன் மறுபக்கம்.

டிராக்டர் மாட்டின் இடத்தைப் பிடித்தது. தெற்காசிய நாடுகளில் டிராக்டரின் பொருளாதாரத்தைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளியல் அறிஞர் 1978-இல் ஒரு நூல் வெளியிட்டார். டிராக்டரால் மட்டுமே விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது என்பதற்குச் சான்று இல்லை. அது பெரும்பாலும் உழவு மாட்டுக்கு மாற்றாகவே அமைந்தது என்பது அவர் கண்ட முடிவு. ஏர் பிடிக்கும் ஆண்களின் வேலை குறைந்தது உண்மையே. ஆயினும் நெல் சாகுபடியில் ஆள் கணக்கின் பெரும்பகுதி உழவில் இல்லை. நடவிலும் களையிலும் அறுப்பிலும்தான் இருந்தது. அங்கே டிராக்டர் கை வைக்கவில்லை.

அங்கே கை வைத்தது அறுவடை இயந்திரம். ஓர் ஏக்கர் நெல்லைக் கையால் அறுத்து, கட்டி, சுமந்து, களத்தில் அடித்துத் தூற்ற ஏறத்தாழ 15 முதல் 20 ஆட்களின் ஒரு நாள் உழைப்பு வேண்டும். பெல்ட் வண்டி என்று நம் ஊரில் அழைக்கப்படும் இயந்திரம் அதை ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஈரம் காயாத வயலிலும் இறங்குகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் கார் அறுப்புக்கும் பிசான நடவுக்கும் இடையே கிடைக்கும் காலம் குறுகியது. வடகிழக்குப் பருவமழை வேறு வாசலில் நிற்கும். ஆகவே நில உடைமையாளர்க்கு இந்த வேகம் பெரும் நிம்மதி.

அறுப்பும் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் வேலை. அறுவடை இயந்திரம் அறுப்பை எடுத்துக்கொண்டது. களைக்கொல்லி மருந்து களையெடுப்பைக் குறைத்தது. நடவு இயந்திரம் மெல்ல மெல்லப் பரவி வருகிறது. இயந்திரம் ஓட்டும் வேலையோ ஏறக்குறைய முழுவதும் ஆண்களுக்கே சென்றது. வேலை இழந்தவரும் வேலை பெற்றவரும் ஒரே ஆள் அல்லர். பல இடங்களில் ஒரே ஊரினரும் அல்லர். மேலும் கொத்து என்பது வெறும் கூலி அன்று. விலைவாசி எதுவாயினும் சில மாதங்களுக்கு வீட்டில் அரிசி உண்டு என்ற உறுதி அது. ரொக்கக் கூலி தரும் வேறு வேலை கிடைத்தாலும் அந்த உறுதி திரும்பவில்லை. அந்த அம்மையாரின் கேள்வியில் இருந்தது இந்த இழப்புத்தான்.

எது முதலில்?

அப்படியானால் மகன் சொன்னது தவறா? அதுவும் இல்லை. இளைஞர்கள் ஊரைவிட்டு வெளியேறினர். பெண்பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்றனர். திருப்பூர் போன்ற நகரங்களின் ஆலைகள் ஆட்களை ஈர்த்தன. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2006-இல் தொடங்கிய நூறு நாள் வேலைத் திட்டம் கிராமக் கூலிக்கு ஒரு தளம் அமைத்தது. கூலி உயர்ந்தது, அறுப்பு நாளில் ஆள் சேர்ப்பது கடினமாயிற்று. அந்த இடைவெளியில்தான் அறுவடை இயந்திரம் நுழைந்தது. நுழைந்த பிறகு, ஊரில் எஞ்சியிருந்தவர்களின் வேலையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. எஞ்சியவர்களுக்கு ஆண்டில் அறுப்பு நாட்கள் இல்லாமற்போகவே, அவர்களும் கிளம்பினர். அடுத்த ஆண்டு ஆள் தட்டுப்பாடு இன்னும் மிகுந்தது. மகன் இவ்வட்டத்தின் ஒரு புறத்தைக் கண்டார். தாய் மறுபுறத்தைக் கண்டார்.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது அன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்கள், முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே சிகாகோ போன்ற வடக்கு நகரங்களுக்குப் பெருந்திரளாகக் குடிபெயர்ந்தனர். விதைப்பு முதல் பொதி கட்டுவது வரை முழுவதும் இயந்திரத்தால் நடந்த முதல் பருத்திச் சாகுபடி, மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் நகரருகே உள்ள ஹாப்சன் பண்ணையில் 1944-இல்தான் நிறைவேறியது. கையால் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 20 பவுண்டு பருத்தி எடுப்பார். இயந்திரம் 1000 பவுண்டு எடுத்தது. முன்பே சென்றவர்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப வந்த இயந்திரம், பின்னர் எஞ்சியவர்களையும் வெளியே அனுப்பியது. 1910 முதல் 1970 வரை இவ்வாறு இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 60 லட்சம் பேர். சிகாகோவின் தெற்குப் பகுதியும் நம் தாராவியும் ஒரே வகைக் கதையின் இரு அத்தியாயங்கள்.

இயந்திரத்தைத் தடுத்து நிறுத்தியிருந்தால் வேலை தங்கியிருக்குமா? இதற்குக் கேரளம் ஒரு பாடம் தருகிறது. அங்கே தொழிலாளர் சங்கங்கள் டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் நெடுங்காலம் எதிர்த்தன. அவர்களுடைய அச்சம் நியாயமானது. ஆனால் 1970-களின் நடுவில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்தின் நெற்பரப்பு, பின்னர் 2 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. ரப்பரும் தென்னையும் வீட்டுமனைகளும் அவ்விடங்களைப் பிடித்தன. காரணங்கள் பல, கூலிச் செலவு அவற்றுள் ஒன்று. எஞ்சிய வயல்களைக் காக்க 2008-இல் அம்மாநிலம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இயந்திரம் வராத இடத்தில் வயலே போய்விட்டால், வேலையும் அத்துடன் போய்விடுகிறது.

நிலம் மாறிய விதம்

இயந்திரம் மனிதர்களை மட்டும் இடம் மாற்றவில்லை. நிலத்தின் பயனையும் மாற்றியது. உழவு மாடு வைத்திருந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தீவனத்துக்கு வழி தேட வேண்டியிருந்தது. மேய்ச்சல் புறம்போக்கும், சோளத்தட்டைக்கான காடும், வைக்கோற்போரும் அதனால் ஏற்பட்டவை. அமெரிக்காவில் டிராக்டர் பரவுமுன், அறுவடையாகும் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குதிரை, கோவேறு கழுதைகளின் தீவனத்துக்கே செலவாயிற்று; டிராக்டர் வந்தபின் அந்நிலம் மனித உணவுக்கும் சந்தைக்கும் திரும்பியது. நம் நாட்டிலும் மாடு குறைந்ததால் தீவனத் தேவை குறைந்தது. ஆனால் அதனுடன் வீட்டுத் தொழுவத்து எருவும் குறைந்தது. அறுவடை இயந்திரம் வைக்கோலை நறுக்கி வயலிலேயே சிந்தச் செய்ததால், அதைச் சுருட்டிக் கட்ட இன்னோர் இயந்திரத்துக்கு வாடகை கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்து வயலின் வடிவம். பெல்ட் வண்டி இறங்கவும் திரும்பவும் இடம் வேண்டும். சாலையிலிருந்து வயல் வரை வண்டிப்பாதை வேண்டும். நாட்டில் ஒருவருக்குரிய சராசரி நில அளவோ, 1970-71-இல் 2.28 ஹெக்டேராக இருந்து 2015-16-இல் 1.08 ஹெக்டேராகக் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் அது 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. அதுவும் பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பது வழக்கம். சாலையோரத்து வயலில் இயந்திரம் எளிதாக இறங்குகிறது. நான்கு வயல்களைத் தாண்டி உள்ளே இருக்கும் அரை ஏக்கருக்கு இயந்திரமும் வராது. கையால் அறுக்க ஆளும் கிடைக்காது. முதலில் தரிசாவது அத்தகைய வயல்தான். ஒரு காலத்தில் மண் வளத்தையும் மடை நீரையும் வைத்து நிலத்தை மதிப்பிட்டார்கள். இன்று அவற்றுடன் பாதையும் சேர்ந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 60 லட்சம் ஹெக்டேராக இருந்த நிகர சாகுபடிப் பரப்பு, அண்மை ஆண்டுகளில் 50 லட்சம் ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் இதைக் கண்ணாலேயே காணலாம். நாங்குநேரி, ராதாபுரம் பகுதிப் புன்செய்களில் பல இடங்களைச் சீமைக் கருவேலம் மூடிவிட்டது. பல இடங்களில் காற்றாலைகள் எழுந்துள்ளன. நெடுஞ்சாலையோரங்களில் வீட்டுமனைக் கற்கள் நடப்பட்டுள்ளன. மழை பொய்த்ததும் நீர் குறைந்ததும் இதற்குப் பெருங்காரணங்கள். உடைமையாளர் ஊரில் இல்லாமையும் ஒரு காரணம் என்பதை மும்பையில் வாழும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கும் இம்மாற்றத்தையே காட்டுகிறது. 2001-க்கும் 2011-க்கும் இடையே தமிழ்நாட்டில் சொந்தமாகச் சாகுபடி செய்வோர் சுமார் 51 லட்சத்திலிருந்து 42 லட்சமாகக் குறைந்தனர். வேளாண் கூலித் தொழிலாளர் சுமார் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடினர். இயந்திரம் பெருகிய அதே பத்தாண்டில் கூலித் தொழிலாளர் தொகை கூடியது வியப்பாகத் தோன்றலாம். சிறு உழவர் பலர் உழவைக் கைவிட்டுக் கூலிக்கு வந்தனர் என்பதே இதன் பொருள். வேலை தேடும் கைகள் கூடிய காலத்திலேயே அறுப்பு நாட்கள் குறைந்தன.

டிராக்டரின் மணிக் கணக்கு

இனி நம் வாடிக்கையாளரின் கோரிக்கைக்கு வருவோம். அவரிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி அவர் எதிர்பாராதது: "உங்கள் கூடத்தில் ஒரு தையல் இயந்திரம் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது?" அவர் உடனே விடை சொன்னார். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு முந்நூறு நாள். ஆக 3000 மணி நேரம். "உங்கள் இரண்டு ஏக்கரில் டிராக்டர் எத்தனை மணி நேரம் ஓடும்?" என்றபோது அவர் தயங்கினார்.

நாங்கள் சேர்ந்தே கணக்கிட்டோம். தொழி உழவு, பரம்படிப்பு எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு நான்கு மணி நேரம் எனத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர், காரும் பிசானமுமாக இரண்டு போகம். மொத்தம் 16 மணி நேரம். டிராக்டர் கடன் பயனுடையதாக இருக்க அது ஆண்டுக்குச் சுமார் 1000 மணி நேரமாவது உழைக்க வேண்டும் என்பது வங்கித் துறையில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவுகோல்.

எடுத்துக்காட்டாக, 6 லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 10 சதவீத வட்டி, 7 ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு தவணை என்று கொண்டால், ஒவ்வோர் ஆண்டும் அடைக்க வேண்டியது ஏறத்தாழ 1,23,000 ரூபாய். டிராக்டர் 1000 மணி நேரம் உழைத்தால், டீசலும் ஓட்டுநர் கூலியும் பழுதுச் செலவும் போக, மணிக்கு 123 ரூபாய் தவணைக்காக ஒதுக்கினால் போதும். 400 மணி நேரமே உழைத்தால் மணிக்கு 300 ரூபாய்க்கு மேல் ஒதுக்க வேண்டும். சொந்த நிலத்தில் 16 மணி நேரம் மட்டும் ஓடினால், ஒவ்வொரு மணிக்கும் தவணைச் சுமை 7,600 ரூபாய்க்கும் மேல். எந்த நெல்லும் இதைத் தாங்காது.

ஆகவே இரண்டு ஏக்கர் உடையவர் வாங்கும் டிராக்டர் வேளாண் கருவி அன்று. அது ஒரு வாடகைத் தொழில். எஞ்சிய 984 மணி நேரமும் அடுத்தவர் வயலிலிருந்து வர வேண்டும். ஊரில் ஏற்கெனவே எத்தனை டிராக்டர்கள் உள்ளன, உழவுப் பருவத்தில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வேலை வந்தால் மற்ற மாதங்களில் வண்டி என்ன செய்யும், வாடகை பாக்கி எத்தனை நாளில் கைக்கு வரும் என்பவையே அத்தொழிலின் கேள்விகள். நிலத்தின் மீதுள்ள பற்றினால் இத்தொழிலில் இறங்கி, தவணைக்காக அந்த நிலத்தையே விற்க நேர்ந்த குடும்பங்களை எங்கள் பணிக்காலத்தில் கண்டிருக்கிறோம்.

தம்பி ஊரில் விசாரித்தார். சுற்று வட்டாரத்தில் ஏற்கெனவே பல வண்டிகள் போட்டியிட்டன. எவ்வளவு முயன்றாலும் ஆண்டுக்கு 300 மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது என்று அவரே சொல்லிவிட்டார்.

வாங்குவதற்கு மாற்று வாடகை. தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர் முதல் அறுவடை இயந்திரம் வரை மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலி வழியாகவும் முன்பதிவு செய்யலாம். தனி ஆளாக அன்றி, உழவர் குழுவாகவோ உற்பத்தியாளர் நிறுவனமாகவோ வாடகை மையம் அமைப்போருக்கு, 2014-15 முதல் நடைபெறும் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் மானியம் உண்டு. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் டிரோன்கள் வழங்க 2023-இல் மத்திய அரசு வகுத்த திட்டம், இயந்திரத்தின் கைப்பிடியைப் பெண்களிடமும் தரும் ஒரு முயற்சி. ஊரில் உங்கள் சகோதரியோ மைத்துனியோ குழுவில் இருந்தால் இதைப் பற்றி விசாரிக்கச் சொல்லலாம்.

எழுத்தில் இல்லாத குத்தகை

தம்பிக்கு உண்மையில் வேண்டியிருந்தது டிராக்டர் அன்று. இன்னும் கொஞ்சம் நிலம். வரப்பை ஒட்டியே மூன்று ஏக்கர் தரிசாகக் கிடந்தது. அதன் உரிமையாளர் குடும்பம் செம்பூரில் இருக்கிறது. குத்தகைக்கு விட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்ற அச்சத்தால் யாருக்கும் விடாமல் வைத்திருந்தனர்.

இந்த அச்சம் பரவலானது. தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடிக் குத்தகைதாரரைக் காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய வழி செய்கிறது. உழைப்பவருக்கு இப்பாதுகாப்பு தேவையானதே. ஆனால் எழுத்தில் இல்லாவிட்டால் சட்டம் தம்மைத் தொடாது என்று பல உடைமையாளர் எண்ணுவது தவறு. வாய்மொழிக் குத்தகையும் குத்தகையே. எழுத்து இல்லாததால் இரு தரப்புமே இழக்கின்றன. உடைமையாளரிடம் தொகைக்கும் காலத்துக்கும் சான்று இல்லை. குத்தகைதாரரோ பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அலைய வேண்டியிருக்கிறது. 1998-இல் தொடங்கிய கிசான் கிரெடிட் கார்டு திட்டத்தில் குத்தகை உழவர், வாய்மொழிக் குத்தகைதாரர், பங்குச் சாகுபடியாளர் ஆகியோருக்கும் இடம் உண்டு. கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்தும் கடன் பெறலாம். எனினும் கையில் ஓர் ஒப்பந்தம் இருந்தால் எந்தக் கிளையிலும் வேலை எளிதாக முடிகிறது. வழக்கறிஞர் ஒருவரின் துணையுடன் காலம், குத்தகைத் தொகை, செலுத்தும் முறை ஆகியவற்றை எழுதிக்கொள்வதே இரு தரப்புக்கும் நல்லது.

அதற்கும் முன்னே ஒரு வேலை உண்டு. தாராவிக்கு வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பங்கள் பலவற்றில் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. வாரிசுகள் மும்பையிலும் ஊரிலும் வெளிநாட்டிலும் சிதறியிருக்கிறார்கள். பட்டா மாற்றம் ஆகாத நிலத்துக்குக் கடனும் கிடைக்காது. முறையான குத்தகையும் எழுத முடியாது. இறுதியில் அது தரிசாகவே கிடக்கும். அடுத்த முறை கோயில் கொடைக்கு ஊருக்குச் செல்லும்போது, பங்காளிகள் எல்லோரும் ஒன்றுகூடும் அந்த நாட்களிலேயே இதைப் பேசி முடிப்பது எளிது.

செம்பூர்க் குடும்பம் மூன்று ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதித் தர இசைந்தது. இரண்டும் மூன்றும் சேர்ந்து ஐந்து ஏக்கர் ஒரே பரப்பானதால் அறுவடை வண்டி ஒரே வரவில் வேலையை முடித்துத் திரும்புகிறது. உழவும் அறுப்பும் வாடகையில் நடக்கின்றன. அண்ணன் அனுப்ப நினைத்த பணத்தில் ஒரு பகுதி மோட்டாரைப் புதுப்பிக்கவும், வயல் வரை வண்டிப்பாதையைச் சீராக்கவும் செலவாயிற்று. மீதி அவர் கணக்கில் வைப்புத் தொகையாக இருக்கிறது.

வாடிக்கையாளர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். இயந்திரம் வாங்குமுன்: ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் அதற்கு வேலை உண்டு? அவற்றுள் சொந்த நிலத்தில் எத்தனை? அதே வேலையை வாடகையில் முடித்தால் என்ன செலவாகும்? நிலத்தைப் பொறுத்தவரை: பட்டா யார் பெயரில் உள்ளது? வயலுக்கு வண்டிப்பாதை உண்டா? நிலத்தை இப்போது உழுபவரிடம் எழுத்தில் என்ன இருக்கிறது? இவற்றுக்கு விடை எழுதிக்கொண்டு வந்தால், கிளையில் எங்களுடன் அமர்ந்து அரை மணி நேரத்தில் ஒரு தெளிவுக்கு வரலாம்.

அந்த அம்மையாரின் கேள்விக்கு மட்டும் எங்களால் விடை தர இயலவில்லை. வரவு, செலவு, தவணை என்று நாங்கள் எழுதிய தாளில், அவர் இழந்த கொத்து நெல்லைப் பதிவதற்கு இடம் இருக்கவில்லை. பிசான அறுப்பு முடிந்ததும் தம்பி ஊரிலிருந்து இரண்டு மூட்டை நெல்லை அரைத்து, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்த ஒருவர் மூலம் தாயாருக்கு அரிசியாக அனுப்பிவைத்தார் என்று மகன் பின்னர் சொன்னார். அதில் ஒரு படி எங்கள் கிளைக்கும் வந்தது.